படகில் துளை போடாமல் ஆழம் பார்க்கலாமா?

கடற்றொழிற் கருவிகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, நானும் தம்பியும் 19 அடி ஃபைபர் படகு ஒன்றில் உப்புவெளிக் கரையிலிருந்து தூண்டிலுக்கும் இடைக்கிடை வலைக்கும் போய்வருகிறோம். வெளிநாட்டிலிருக்கும் மைத்துனர் ஒரு ஃபிஷ் ஃபைண்டர் (ஒலியை அனுப்பி ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் கருவி) அனுப்பியிருக்கிறார். அதன் டிரான்ஸ்டியூசரை, அதாவது ஒலியை அனுப்பி வாங்கும் உறுப்பை, பின்பலகையின் வெளிப்பக்கத்தில் திருகி மாட்டும்படி கூடவந்த படத்தில் இருக்கிறது. நாங்களோ நாள்தோறும் படகை மணலில் இழுத்து ஏற்றுகிறவர்கள். ஒரு மாதம்கூட அது அங்கே தாங்காது. படகுக்கு உள்ளே, அடித்தளத்தில் ஒட்டினாலும் வேலை செய்யும் என்று ஒருவர் சொல்கிறார். ஃபைபரைத் தாண்டி அதற்கு எப்படிக் கண் தெரியும் என்று இன்னொருவர் சிரிக்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகர், உப்புவெளி

பதில்: முதலாமவர் சொல்வதே சரி. ஆனாலும் சிரித்தவரை முற்றாகத் தள்ளிவிட முடியாது. அவசரத்தில் ஒட்டப்பட்ட கருவிகள் பல, அவர் சொன்னபடியேதான் குருடாகிப் போகின்றன.

உங்கள் அச்சம் நியாயமானது. உருளைக்கட்டையின் மேல் படகு ஏறும்போது பின்பக்கத்தின் கீழ் விளிம்பு மணலை உழுதுகொண்டே வரும். அங்கே விரல் நீளத்துக்குத் துருத்திக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் துண்டு முதல் வாரத்திலேயே வளையும், இரண்டாவது வாரத்தில் முறியும். அதற்குத் தப்பினாலும் வலை வளைக்கும்போது கண்ணி அதில் மாட்டும். ஆகவே நம்முடைய கரைகளில் உள்ளே பொருத்துவதற்கு நல்ல காரணம் இருக்கிறது.

ஒலி எப்படி ஃபைபரைத் தாண்டுகிறது என்பதை முதலில் விளங்கிக்கொண்டால் மற்ற வேலைகளில் பாதி தானாகவே தெளிந்துவிடும். டிரான்ஸ்டியூசரின் உள்ளே பீங்கானைப் போன்ற ஒரு வில்லை இருக்கிறது. மின்துடிப்புப் பட்டதும் அது அதிர்ந்து, நம்முடைய காதுக்கு எட்டாத ஒலியைக் கீழே அனுப்புகிறது. பெரும்பாலான சிறு கருவிகளில் அது 200 கிலோஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 2 இலட்சம் அதிர்வுகள். கடலின் அடியில் பட்டுத் திரும்பிவரும் எதிரொலி அதே வில்லையை மறுபடி அதிரச் செய்ய, அது மின்துடிப்பாக மாறித் திரைக்குப் போகிறது. கடல்நீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் ஓடுவதால், 30 மீற்றர் ஆழத்துக்குப் போய்வர ஒரு செக்கனில் 25இல் ஒரு பங்கு நேரமே ஆகும். கருவி அளப்பது அந்த நேரத்தைத்தான். ஆழம் என்பது அதிலிருந்து அது போடும் கணக்கு.

இந்த ஒலி ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குள் நுழையும்போது, இரண்டும் ஓரளவு ஒத்த இயல்பு உடையனவாக இருந்தால் பெரும்பகுதி உள்ளே போய்விடும். நீருக்கும் கெட்டியான ஃபைபருக்கும் இடையே அந்த வேறுபாடு பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவே. நீருக்கும் காற்றுக்கும் இடையிலோ அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. காற்றைக் கண்ட இடத்தில் ஒலி ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். ஆகவே உங்கள் படகின் அடித்தளம் அரை விரற்கடை தடிப்பாக இருப்பதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். டிரான்ஸ்டியூசரின் முகத்துக்கும் ஃபைபருக்கும் நடுவே கடதாசி தடிப்பில் ஒரு காற்றுப்படலம் அகப்பட்டுவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

காற்று ஃபைபருக்கு உள்ளேயும் ஒளிந்திருக்கலாம். சில படகுகளின் அடித்தளம் இரண்டு ஃபைபர்த் தோல்களுக்கு நடுவே நுரைத்தகடோ பல்சா மரமோ ஒட்டுப்பலகையோ வைத்துச் செய்யப்பட்டிருக்கும். இவற்றின் உள்ளே கோடிக்கணக்கான சிறு காற்றறைகள் உண்டு; அவ்விடத்தில் என்ன பசை போட்டாலும் பயனில்லை. நம்முடைய மீன்பிடிப் படகுகளின் அடி பெரும்பாலும் தனித் தோல்தான் என்றாலும், மூழ்காமல் இருப்பதற்காக முன்னும் பின்னும் மூடிய அறைகளில் நுரை அடைத்திருப்பார்கள், அதன் மேல் தளம் போட்டிருப்பார்கள். தளத்தின் மேல் ஒட்டிவிட்டு "அடித்தளத்தில் ஒட்டினேன்" என்று சொன்னவர்களை நான் கண்டிருக்கிறேன். கை எட்டுகிற, கடல்நீர் மறுபுறம் தொட்டுக்கொண்டிருக்கிற தோல்தான் நமக்கு வேண்டும். ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். தனித் தோல் கணீரென்று பதில் சொல்லும், நடுவில் எதையாவது அடைத்த இடம் மொத்தையாக ஒலிக்கும். உச்சி வெயிலில் படகைச் சரித்து வைத்து உள்ளிருந்து பார்த்தால், வெளியே கனமான மை பூசாத படகாயின், தனித் தோல் இலேசாக ஒளி விடுவதையும் காணலாம்.

இடத்தைத் தெரிவுசெய்வதில் மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும். படகு ஓடும்போதும் நீரை விட்டு எழாத பகுதியாக அது இருக்க வேண்டும். அதனால்தான் பின்பக்கம், பின்பலகையிலிருந்து ஓரிரு அடி முன்னால், என்று சொல்கிறோம். ஏராவின் (படகின் அடியில் நடுவே நீளவாட்டில் ஓடும் முதுகெலும்பின்) மேல் நேராக வைக்கக் கூடாது. அங்கே ஃபைபர் மிகவும் தடிப்பாக இருக்கும், சில படகுகளில் உள்ளே மரமும் வைத்திருப்பார்கள். ஏராவுக்குப் பக்கத்தில் ஒரு சாண் தள்ளிய சமதளம் போதும். வெளிப்புறத்தில் அந்த இடத்துக்கு முன்னால் வரிமேடோ பழைய ஒட்டோ இருந்தால், அது நீரைக் கிழித்துக் குமிழிகளை எழுப்பி உங்கள் வில்லைக்குக் கீழே அனுப்பிக்கொண்டிருக்கும். உள்ளே மட்டும் பார்த்து இடம் குறிப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். படகு கரையில் இருக்கும்போதே குனிந்து வெளிப்புறத்தையும் ஒரு தடவை கையால் தடவிப் பார்த்துவிடுங்கள்.

இனிப் பசையைத் தொடாமல் ஒரு சோதனை. படகைக் கடலில் இறக்கி, முதலில் டிரான்ஸ்டியூசரை ஒரு தடியில் கட்டிப் படகின் பக்கவாட்டில் நீருக்குள் பிடித்து, திரையில் கடலடிக் கோடு எவ்வளவு தடிப்பாக விழுகிறது, அதன் கீழே இரண்டாவது எதிரொலிக் கோடு தெரிகிறதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே இடத்தில் படகை நிறுத்திக்கொண்டு, நீங்கள் குறித்துவைத்த உள்ளிடத்தில் மூன்று விரற்கடை அளவுக்குத் தண்ணீர் விட்டு, டிரான்ஸ்டியூசரை அந்தத் தண்ணீருக்குள் முகம் கீழாக அழுத்தி வையுங்கள். தண்ணீர் தேங்காத இடமானால் மெல்லிய பொலித்தீன் பையில் தண்ணீரை நிரப்பிக் காற்றைப் பிதுக்கிவிட்டுக் கட்டி, பைக்கு மேலும் கீழும் சற்று ஈரம் இருக்கும்படி அதன் மேல் டிரான்ஸ்டியூசரை வைக்கலாம். ஆழம் இரண்டு முறையும் ஒன்றாகவும், கோடு சற்றே மெலிந்தும் இருந்தால் இடம் நல்லது. ஒலி போகும்போது ஒரு தடவையும் வரும்போது ஒரு தடவையும் ஃபைபரைக் கடப்பதால் சிறிது மெலிவு தவிர்க்க முடியாதது. உணர்திறனைக் கொஞ்சம் கூட்டிவைத்து அதைச் சரிக்கட்டலாம். கோடு விட்டுவிட்டு வந்தால் நாலு விரற்கடை தள்ளி மறுபடி பாருங்கள். இந்தச் சோதனையை ஐந்து மீற்றர் நீரில் செய்து திருப்திப்பட்டுவிடாமல், நீங்கள் வழக்கமாகக் கலவாய்க்கும் விளைமீனுக்கும் தூண்டில் போடுகிற பாருக்கு (கடலடிப் பாறைத்திட்டுக்கு)ப் போய்ச் செய்ய வேண்டும். ஆழம் குறைந்த இடத்தில் எந்த மோசமான பொருத்துகையும் நன்றாகவே தெரியும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். முதன்முதலாக ஒரு நண்பரின் படகில் பொருத்தியபோது, ஐந்து நிமிடத்தில் இறுகும் பசையை வாங்கி, நடுப்பகலில், கரையில் நின்றபடியே குழைத்து ஒட்டினேன். அந்த வெயிலில் அது ஐந்து நிமிடம்கூடப் பொறுக்கவில்லை. கையிலிருந்த கிண்ணம் சுட்டது, பசை கலங்கி வெண்மையானது. ஏழு பாக ஆழத்தில் (சுமார் 13 மீற்றர்) படம் அற்புதமாக வந்தது. பதினான்கு பாகத்தைத் தாண்டியதும் திரை வெறுமையானது. உளியால் கொத்தி எடுத்துத் திருப்பிப் பார்த்தபோது, வில்லையின் முகம் முழுவதும் கடுகு தூவியதுபோல் குமிழிகள். கொத்தும்போது டிரான்ஸ்டியூசரின் ஓரமும் உடைந்தது. புதிதாக ஒன்று வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஆதலால் மெதுவாக இறுகும் இருகூற்று எபொக்சியைத் தேடி வாங்குங்கள். சிலிக்கன் வேண்டாம், அது இறுகினாலும் இரப்பர் போல இருந்து ஒலியை விழுங்கும். ஒட்டுமிடத்தில் மண்ணெண்ணெயும் மீன்செதிலும் ஊறியிருக்கும் என்பதால், முதலில் சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் காயவிட்டு, மையும் மினுக்கமும் போய் மங்கலாகும்வரை 80ஆம் இலக்க அரத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்தெடுங்கள். மண்ணெண்ணெய் ஊறியபடியே தேய்த்தால் அதை இன்னும் உள்ளே ஏற்றிவிடுவீர்கள். டிரான்ஸ்டியூசரின் முகத்தையும் மெல்லிய அரத்தாளால் இலேசாகத் தேய்த்துச் சுத்தமாகத் துடைக்க வேண்டும். அசிற்றோனையோ தின்னரையோ அதில் மட்டும் படவிடாதீர்கள், அந்தப் பிளாஸ்டிக்கை அவை கரைத்துவிடும்.

விடியற்காலையில், வெயில் ஏறுமுன் வேலையைத் தொடங்குங்கள். அகலமான தட்டையான பாத்திரத்தில் இரண்டு கூற்றையும் அளந்து ஊற்றி, நுரை எழாமல், பாயசத்தைத் துழாவுவதுபோல மெதுவாகத் துழாவிச் சில நிமிடம் ஆறவிட்டால் உள்ளே போன குமிழிகள் மேலே வந்து உடைந்துவிடும். குறித்த இடத்தைச் சுற்றிக் களிமண்ணாலோ ஜன்னலுக்குப் பூசும் புட்டியாலோ சிறு வரம்பு கட்டி, அதற்குள் பசையை ஊற்றுங்கள். டிரான்ஸ்டியூசரை ஒரு பக்கமாகச் சரித்து இறக்கி, மெல்ல மெல்ல நிமிர்த்தி, இடமும் வலமுமாகச் சற்றுத் திருகி அழுத்தினால், அடியிலுள்ள காற்று பசையோடு சேர்ந்து பக்கத்தால் வெளியேறும். நேராக மேலிருந்து வைத்து அழுத்தினால் நடுவில் காற்று அகப்படும். பிறகு அதன் மேல் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு ஒரு முழுநாள் அந்தப் பக்கம் போகாதீர்கள். வரம்பின் வெளியே பசை கொஞ்சம் வழிந்திருப்பது அழகில்லை. ஆனால் அடியில் பசை போதுமான அளவு இருந்தது என்பதற்கு அது சாட்சி.

உங்கள் படகின் அடி அந்த இடத்தில் மிகவும் சரிவாக இருந்தால் ஒலி நேர் கீழே போகாமல் பக்கத்துக்குப் போகும். அப்போது ஒட்டுவதைவிடச் சிறு தொட்டி ஒன்று செய்வது மேல். நாலங்குல பி.வி.சி. குழாயில் ஒரு சாண் துண்டு எடுத்து, கீழ் விளிம்பைப் படகின் சரிவுக்கு ஏற்ப அறுத்து, நிமிர்ந்து நிற்கும்படி ஒட்டி, நீர் கசியாமல் அடைத்து, அதற்குள் திரவம் நிரப்பி, டிரான்ஸ்டியூசரை அதன் முகம் நேர் கீழே பார்க்கும்படி முழுகத் தொங்கவிட வேண்டும். பழுதானால் கழற்றிக்கொள்ளலாம் என்பதால் எனக்கு இந்த முறைதான் அதிகம் பிடித்தது. தண்ணீர் போதும், ஆனால் நம்முடைய வெயிலில் வற்றிவிடும். குழந்தைகளுக்குப் பூசுகிற வகைக் கனிம எண்ணெய் வற்றாது. தேங்காய் எண்ணெய் கையோடு இருக்கிறதே என்று கேட்பீர்கள். 24 பாகை செல்சியஸ் அளவில் அது உறையத் தொடங்கும்; மார்கழி விடியற்காலையில் தொட்டிக்குள் வெண்ணெய்க் கட்டிதான் இருக்கும்.

கேள்வி: ஐயா, நான் கடந்த இதழ்களில் ஒன்றைப் பார்த்து உள்ளே ஒட்டினேன். மூதூர்க் கரையோரம் நன்றாகக் காட்டுகிறது. கொட்டியாரக் குடாவில் சற்று வெளியே போனதும் எண் மின்னத் தொடங்கி, சில வேளை 8 மீற்றர் என்றும் சில வேளை 3 மீற்றர் என்றும் காட்டுகிறது. அங்கே அவ்வளவு ஆழமின்மை இல்லை என்று எனக்குத் தெரியும். பெயர்த்தெடுத்து மறுபடி ஒட்டவா?
– வாசகர், மூதூர்

பதில்: உளியை எடுக்குமுன் சற்றுப் பொறுங்கள். குற்றம் உங்கள் பசையில் இல்லாமல் கடலின் அமைப்பில் இருக்கக்கூடும். கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே ஒரு கடலடிப் பள்ளத்தாக்குத் தொடங்குகிறது. வேறு கரைகளில் பல மைல் ஓடினால்தான் கிடைக்கும் ஆழம் உங்களுக்குக் குடாவிலிருந்து வெளிவரும்போதே கிடைத்துவிடுகிறது. தரை நூற்றுக்கணக்கான மீற்றருக்குச் சரிந்துவிடும். பெருங்கப்பல்களைத் திருகோணமலைக்கு இழுத்துவந்த அதே ஆழம்தான் உங்கள் சிறு கருவியைத் திணறடிக்கிறது. 200 கிலோஹேர்ட்ஸ் ஒலியைக் கடல்நீர் விரைவாக உறிஞ்சிவிடும். ஃபைபருக்குள் கொடுத்த கப்பத்தையும் சேர்த்தால், குறைந்த வலுவுள்ள கருவி நூறு மீற்றரைத் தாண்டுமுன்னரே களைத்துப்போவதில் வியப்பில்லை. அடி அகப்படாதபோது கருவி சும்மா இருப்பதில்லை. படகுக்குக் கீழுள்ள குமிழியையோ இயந்திரத்தின் இரைச்சலையோ அடி என்று எண்ணி 3 என்றும் 8 என்றும் சொல்லும்.

பள்ளத்தாக்கின் சுவரில் இன்னொரு ஏமாற்றமும் உண்டு. ஒலிக்கதிர் ஈட்டியைப் போல இறங்குவதில்லை, கூம்பாக விரிந்து இறங்குகிறது. கூம்பு 20 பாகையானால், 100 மீற்றர் ஆழத்தில் அது தொடும் வட்டம் ஏறத்தாழ 35 மீற்றர் அகலம். சரிவான சுவரில் அந்த வட்டத்தின் மேட்டுப்பக்கத்து எதிரொலி முதலில் வந்து சேர்வதால், உங்களுக்கு நேர் கீழேயுள்ள ஆழத்தைவிடக் குறைவாகவே திரை சொல்லும். நங்கூரம் போடும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டு நல்லதா என்று அறிய, பழைய ஈயக்குண்டுக் கயிறே போதும். கயிற்றில் பாகம் பாகமாக முடிச்சிட்டு, தரை சமமான ஓர் இடத்தில் 10 பாகம், அதாவது சுமார் 18 மீற்றர், பிறகு 20 பாகம் என்று இரண்டு இடங்களில் அளந்து கருவியோடு ஒப்பிடுங்கள். இரண்டிலும் கோடு உறுதியாக நின்றால் ஒட்டில் குறையில்லை. கருவியில் 50 அல்லது 83 கிலோஹேர்ட்ஸ் தெரிவு இருந்தால் ஆழமான பக்கம் போகும்போது அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள், குறைந்த அதிர்வெண் அதிகத் தூரம் போகும். இருபது பாகத்திலேயே தடுமாறினால் மட்டும் உளியை எடுங்கள்.

மகாவலி கலக்கி வரும் மாரி காலத்தில் நடுநீரில் ஒரு புகைக்கோடு தெரிகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். ஆற்றுநீர் கடல்நீருக்கு மேலே மிதந்து நிற்கும் எல்லை அது. அந்த எல்லையில் சேரும் வண்டலும் சிற்றுயிர்களும் ஒலியைத் திருப்புகின்றன. மீன்கூட்டம் என்று வலையை இறக்கிவிடாதீர்கள்.

கேள்வி: எங்களுடையது வாப்பா காலத்து மரத்தோணி. மேலே ஃபைபர் போட்டிருக்கிறோம். இதற்கும் உள்ளே ஒட்டலாமா?
– வாசகர், கிண்ணியா

பதில்: முடியாது. மரத்தின் நார்களுக்கிடையே காற்று இருக்கிறது. மேலே ஃபைபர் போர்த்தினாலும் உள்ளே இருப்பது மரம்தான். அலுமினியப் படகுக்கும் சாதாரணமாக இந்த முறை ஒத்துவராது. தோணியின் பக்கப் பலகையில் ஒரு கீல் வைத்து, அதில் மடங்கும்படி ஒரு குழாயைப் பூட்டி, அதன் நுனியில் டிரான்ஸ்டியூசரை மாட்டிக்கொள்ளுங்கள். தொழில் செய்யும் இடம் வந்ததும் நீருக்குள் இறக்கலாம், ஓடும்போதும் கரைக்கு ஏற்றும்போதும் மேலே மடக்கிக்கொள்ளலாம். உண்மையைச் சொன்னால், ஒலிக்கு இதைவிட நல்ல வழி இல்லை. நடுவில் ஃபைபரே இல்லையே.

கேள்வி: கயிறு இழுத்து இயக்கும் 15 குதிரைவலு மண்ணெண்ணெய் இயந்திரம்தான் எங்களிடம் உள்ளது, பற்றரி இல்லை. ஃபிஷ் ஃபைண்டருக்கு எங்கிருந்து மின்சாரம் எடுப்பது? டிரான்ஸ்டியூசர் வயர் நீளமாக இருக்கிறது, வெட்டிச் சிறிதாக்கலாமா?
– வாசகர், குச்சவெளி

பதில்: மோட்டார் சைக்கிளுக்குப் போடும் 12 வோல்ற், 7 அம்பியர்-மணிப் பற்றரி ஒன்று போதும். சிறு திரையுள்ள கருவி அரை அம்பியர் அளவில் எடுக்குமானால், கணக்குப்படி 14 மணித்தியாலம். முழுவதும் வடியவிட்டால் பற்றரி கெடும் என்பதால் 7 மணித்தியாலம் என்று வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் மின்னேற்றிவிடுங்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் வாளிக்குள் பற்றரியை வைத்து, நேர் முனைக்குப் பக்கத்திலேயே கருவியின் குறிப்பேட்டில் சொல்லப்பட்ட அளவு பியூஸ் ஒன்றைப் போடுங்கள். பியூஸ் இல்லாத வயர் உப்புநீரில் நனைவதும் பக்கத்தில் மண்ணெண்ணெய்க் கலன் இருப்பதும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வயரை வெட்ட வேண்டாம். உள்ளே மெல்லிய கவச வயர் இருக்கிறது. வெட்டி முறுக்கி நாடா சுற்றிய இடத்தால் உப்பும் இரைச்சலும் நுழையும். மிஞ்சியதைச் சுருட்டி ஓர் ஓரத்தில் கட்டிவையுங்கள். இயந்திரத்தின் தீப்பொறி வயரோடு சேர்த்துக் கட்டிவிடாதீர்கள். இயந்திரம் வேகமெடுக்கும்போதெல்லாம் திரையில் மழை பெய்யும்.

கேள்வி: உள்ளே ஒட்டிய பிறகு கடல்நீரின் வெப்பம் 37 பாகை என்று காட்டுகிறது. நிலாவெளிக் கடல் அவ்வளவு சூடா?
– வாசகர், நிலாவெளி

பதில்: கருவி இப்போது அளப்பது உங்கள் படகின் வயிற்றுச் சூட்டை. வெப்பமானி டிரான்ஸ்டியூசருக்குள்ளேயே இருப்பதால், உள்ளே ஒட்டினால் அது கடலைத் தொடுவதில்லை. ஆழத்துக்கு இதனால் பாதகம் இல்லை. அந்த எண்ணைத் திரையிலிருந்து நீக்கிவிடுங்கள். நீரின் வெப்பம் கட்டாயம் வேண்டுமானால் ஒரு வாளி நீர் அள்ளிச் சாதாரண வெப்பமானியை அதற்குள் விடுங்கள்.